அட்டைப்படம் போதும் என்றவர்

நான் சந்தேகப் பிராணி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் மின்னூல் படிக்கும் ரீடர்களை விற்கும் பிரிவில் நிற்கிறேன். எதிரே வருகிறவர் வாங்க வந்தவரா, ஏசிக் காற்று வாங்க வந்தவரா என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அதனால் கடையில் எனக்கு சி.ஐ.டி. என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த சி.ஐ.டி.யின் மூக்குக்குக் கீழேயே என் கணவர் ஒன்றை மறைத்து வைத்திருந்தார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தெருவில் அவருக்கு மருந்துக்காரர் என்றே பெயர். அவர் எடுத்துக் கொடுக்கிற மாத்திரையை என்ன ஏது என்று கேட்காமல் விழுங்கிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவர் வீட்டில் உப்புப் பெறாத விஷயத்துக்குப் பொய் சொல்கிறார் என்று தெரிந்தபோது, அவரை நம்பலாமா வேண்டாமா என்ற கேள்வி எனக்கு மட்டுமான கேள்வியாக இருக்கவில்லை. ஆனால் அது பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் மேனேஜர் இரண்டு ரீடர்களை என்னிடம் கொடுத்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நல்லாப் பழகிப் பாருங்க. எதோட முகப்பு ஜனங்களுக்குப் பிடிக்கும்னு சொல்லுங்க. ரெண்டுல ஒன்னைத்தான் அடுத்து ஆர்டர் பண்ணப் போறோம்" என்றார். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. மின்னூல் வாங்கக் கணவருக்கும் எனக்கும் ஒரே கணக்குதான். ஆகவே இரண்டிலும் அதே புத்தகங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

கறுப்பைத் திறந்தால் முகப்பில் புத்தகங்களின் அட்டைப்படங்கள் வரிசை கட்டி நிற்கும். மேலே நாம் கடைசியாகப் படித்தவை. கீழே, நாம் கேட்காமலேயே, இதையும் வாங்குங்கள், அதையும் வாங்குங்கள் என்று வேறு அட்டைகள். சொந்த வீட்டுக்குள் நுழைகிறபோது வாசலில் விற்பனையாளர் ஒருவர் வழிமறிக்கிற மாதிரி எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல்படுகிற நானும் விற்பனையாளர்தான், அது வேறு கதை. வெள்ளையில் இந்த அலட்டல் கிடையாது. திறந்தவுடன் பட்டியல். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், எவ்வளவு படித்திருக்கிறோம் என்ற சதவீதம். அவ்வளவுதான். படம் காட்டி மயக்குகிற வேலையே இல்லை. வேகமும் அதிகம், விலையும் குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

என் கணவர் வெள்ளையைக் கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு பார்வை பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது வேணாம். கறுப்பே இருக்கட்டும்."

"ஏன்?"

"இதுல உயிர் இல்ல."

"ரீடருக்கு எதுக்குங்க உயிர்? பேர் இருக்கு, எவ்வளவு படிச்சோம்னு இருக்கு. வேற என்ன வேணும்?"

"புக்குன்னா அட்டை வேணும். அட்டையப் பாத்தாத்தான் படிக்கணும்னு தோணும். நீ கணக்குப் பிள்ளை மாதிரி பட்டியல் பாரு, நான் வேணாங்கல."

இதே மனிதர்தான் கல்யாணமான புதிதில், அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறவர்களைக் கேலி செய்து என் வாயை அடைத்தவர். எனக்கு அப்போதே மூக்கு வியர்த்தது.

கறுப்பிலும் லைப்ரரி பக்கத்தைப் பட்டியலாக மாற்றிக்கொள்ள வசதி உண்டு. மாற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் அட்டைகள் திரும்ப வந்திருந்தன. மறுநாளும் மாற்றினேன். மறுநாளும் வந்தன. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காபி போட்டோம், குடித்தோம், வேலைக்குப் போனோம். ஒரு மனிதர் இவ்வளவு பிடிவாதமாகப் பட்டியலை விரட்டுகிறார் என்றால், அந்தப் பட்டியலில் நான் பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது. வேறு எப்படி யோசிப்பது?

ஆகவே வெள்ளையை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ் வரை சல்லடை போட்டுச் சலித்தேன். விவாகரத்துச் சட்டம் பற்றி ஏதாவது? இல்லை. வெளிநாட்டுக்குக் குடியேறுவது பற்றி? இல்லை. ஆசனங்கள், ஒரு சமையல், துப்பறியும் கதைகள், பாதியில் விட்ட வரலாறு. அசட்டுத்தனமாகக்கூட ஒன்றும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பட்டியலை மூடப் போகும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு வக்கீலை வைத்து எழுதிய துப்பறியும் தொடர் வாங்கியிருந்தோம். மூன்று பாகம். முதல் பாகம் முடிந்திருந்தது. இரண்டாம் பாகம் திறக்கப்படவே இல்லை. மூன்றாம் பாகத்தில் பாதிக்கு மேல் போயிருந்தார்.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"அந்த வக்கீல் கதை எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"ரெண்டாவது பாகம் ஓடிட்டிருக்கு."

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் குழப்புறாரு. எடுத்த எடுப்புலயே வக்கீலைக் கொன்னுட்டாரு. எப்ப செத்தார், எதுக்குச் செத்தார்னு சொல்லவே இல்ல. இப்பல்லாம் இப்படித்தான் எழுதுறாங்க போல, நம்மளே ஊகிச்சுக்கணும்."

அந்த வக்கீல் இரண்டாம் பாகம் முழுக்கக் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறார். நான் அதை முன்பே அச்சுப் புத்தகமாகப் படித்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில்தான் போய்ச் சேருகிறார். மூன்று பாகத்துக்கும் ஒரே அட்டை, ஒரே குடை பிடித்த ஆள். மூலையில் பாகத்தின் எண் மட்டும் வேறு. எண்ணைப் பார்க்காமல் யாராவது திறப்பார்களா? திறந்தாலும் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்குமே. அப்படியானால் இவர் படிக்கவில்லை. படிப்பது போல நடிக்கிறார். ரீடரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார். வேறு யாரையோ என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அதை மறைப்பானேன்.

அதற்குப் பிறகு அவர் படிக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் கவனித்தேன். பக்கத்தைத் திருப்புகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே. மூச்சு விடுவதற்குள் ஒரு பக்கம். விரல் தட்டிக்கொண்டே இருக்கும். யாரும் அந்த வேகத்தில் படிக்க முடியாது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் உடனே உறையை மூடிவிடுவார்.

"என்ன, மூடிட்டீங்க?"

"கண்ணு அசந்துடுச்சு."

என்னிடம் ரீடரைக் கொடுக்க நேர்ந்தால், கொடுக்கும் முன் திரையில் ஏதோ இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் கொடுப்பார். கடையில் திருடுகிறவர்கள்கூட இவ்வளவு பதற்றப்பட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது அகப்பட்டது. ரீடர் கட்டிலில் கிடந்தது. தட்டாமல் மறந்து போயிருந்தார். உறையைத் திறந்தேன். திரை முழுக்க நான்கே வரி. வரிக்கு இரண்டு வார்த்தை. எழுத்துகள் கடை போர்டில் இருப்பது போல நின்றன. "என்று அவள்" என்று ஒரு வரி. "சொன்னபோது மழை" என்று ஒரு வரி.

கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரீடரில் புத்தகத்தைத் திறந்த பிறகு எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். வயதானவர்கள் வந்தால் நானே அதைத்தான் முதலில் செய்து காட்டுவேன். ஆனால் முகப்பிலும் லைப்ரரியிலும் இருக்கிற எழுத்து இந்த இரண்டிலும் பெரிதாகாது. அது கம்பெனிக்காரர்கள் வைத்த அளவுதான். அட்டைகள் என்றால் படத்தையும் உருவத்தையும் வைத்து இன்ன புத்தகம் என்று கண்டுபிடித்துவிடலாம். கறுப்பு வெள்ளைத் திரையில்கூடக் குடை குடைதான். பட்டியல் என்றால் முடியாது. அவருக்கு அது சாம்பல் கோடுகள். முதல் பக்கத்தைப் பெரிய எழுத்தில் திறந்திருந்தால் பாகத்தின் எண் எங்கேயோ அடுத்தடுத்த பக்கத்துக்குத் தள்ளிப் போயிருக்கும். தட்டிக்கொண்டே தாண்டியிருப்பார். என் கணவர் படிக்கிறார். பாவம், விழுந்து விழுந்து படிக்கிறார். பார்க்கத்தான் முடியவில்லை.

வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அந்தச் சந்தோஷம் அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வருகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. மருந்துப் பெட்டியில் எழுத்தைப் பெரிதாக்க முடியாதே என்ற நினைப்பு வந்துவிட்டது.

"என்னங்க, கண்ணு சரியாத் தெரியுதா உங்களுக்கு?"

"கழுகுக் கண்ணு. ஏன்?"

"சும்மாதான். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டலாமேன்னு."

"போன தடவைதானே கண்ணாடி மாத்தினேன். உனக்கு ரீடர் விக்கிறது போதாதுன்னு இப்ப கண்ணாடியும் விக்கிறியா?"

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு குணம், ஒப்புக்கொள்ளாதவரிடம் கெஞ்ச மாட்டேன். கையும் களவுமாகப் பிடிப்பேன்.

என் வார விடுமுறை அன்று அவர் கடைக்குப் போனேன். மதியச் சாப்பாடு கொண்டுவந்தது போலப் பாத்திரத்தை வைத்துவிட்டு, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒடுக்கமான கடை. முன்னால் கண்ணாடி மேசை, பின்னால் கூரை வரைக்கும் மரத் தட்டுகள். இத்தனை வருஷமாகப் பார்த்த கடைதான். அன்று வேறு கடையாக இருந்தது.

மருந்துச் சீட்டு வந்தால் அவர் அதைப் படிக்கவில்லை. செல்போனில் படம் எடுத்தார். "கடைக் கணக்குக்கு ஒரு காப்பி" என்று சொல்லிக்கொண்டே திரையில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். சீட்டு இல்லாமல் வருகிறவர்களிடம், "டாக்டர் என்ன சொன்னார், நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்று செல்லமாக மிரட்டினார். அவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தார்கள். பிறகு கை நேராகத் தட்டுக்குப் போனது. பச்சைப் பெட்டி, ஆரஞ்சுக் கோடு போட்டது, நீள டப்பா. எதிலும் தடுமாற்றம் இல்லை. சரக்கு கொண்டுவருகிறவர் அதது இடத்தில் அடுக்கிவிட்டுப் போகிறார். கறுப்பு ரீடரின் முகப்பைத்தான் அவர் கடை முழுக்கக் கட்டி வைத்திருந்தார். அட்டையைப் பார், இடத்தைப் பார், எடு.

மேல் தட்டில் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகள் இரண்டு அடுக்கு இருந்தன. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. இடது பக்கம் ஒரு மில்லிகிராம், வலது பக்கம் ஐந்து மில்லிகிராம். எண் மட்டும் மூலையில் சின்னதாக, மற்றதெல்லாம் ஒன்றே. ஒன்று சாப்பிட வேண்டியவர் ஐந்து சாப்பிட்டால் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசியும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

அவர் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனார். நான் எழுந்து இரண்டு அடுக்கையும் இடம் மாற்றி வைத்தேன். அவர் வந்ததும் நானே அந்த மாத்திரையைக் கேட்பது, அவர் தப்பாக எடுத்தவுடன் முகத்துக்கு நேரே காட்டுவது, திரும்ப மாற்றி வைப்பது. இதுதான் என் திட்டம். வாசலில் ஆள் வரும் என்று நான் யோசிக்கவில்லை. பெரிய சி.ஐ.டி.

அவரும் தண்ணீர் பாட்டிலோடு வந்தார், டீச்சரும் படி ஏறினார். பக்கத்துத் தெரு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவருக்கு இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து மருந்து எல்லாம் இங்கேதான்.

"என்ன தம்பி, இன்னைக்கு வீட்டம்மா காவலா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "வழக்கமான மாத்திரைதான். தீரப் போகுது."

என் கணவரின் கை இடது பக்கம் போனது. வெள்ளைப் பெட்டியை எடுத்தது.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பார்ப்பார், மூலையைப் பார்ப்பார், நின்று யோசிப்பார் என்று எனக்குள் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தது. என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் பார்த்தார். பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். மூலையில் கட்டை விரலை வைத்துத் தேய்த்துப் படிப்பது போலத் தலையை மெல்ல ஆட்டினார்.

"ஒரு மில்லிகிராம். தினம் ஒன்னு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார். "சரிதானே டீச்சர்?"

"சரியாத்தான் இருக்கும். நீங்க பாத்தாச்சுல்ல."

காகிதப் பையில் போட்டு நீட்டினார். டீச்சர் வாங்கக் கையை நீட்டினார். நான் குறுக்கே பாய்ந்து பையைப் பிடுங்கினேன். தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

"என்னம்மா இது?" என்றார் டீச்சர்.

நான் அவரைப் பார்க்கவில்லை. பெட்டியை வெளியே எடுத்து என் கணவருக்கு முன்னால் மேசைமேல் வைத்தேன்.

"இதுல அஞ்சுன்னு போட்டிருக்குங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாத்தி வெச்சியா?"

"ஆமா."

அவர் முகம் சிவந்தது. இவ்வளவு கோபத்தை நான் அவரிடம் கண்டதில்லை. குரல் மட்டும் உயரவில்லை.

"மருந்துக் கடையில விளையாடுவியா நீ? ஒரு உசுருடி. நீ மாத்தலேன்னா நான் சரியாத்தான் குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பீங்க. நான் செஞ்சது தப்பு, அதுக்கு நீங்க என்ன வேணா சொல்லுங்க. ஆனா நாளைக்குச் சரக்கு அடுக்குறவர் மாத்தி வெச்சா? கம்பெனிக்காரன் பெட்டிய மாத்தினா?" பெட்டியின் மூலையைத் தட்டிக் காட்டினேன். "இல்லாததைப் படிச்சுக் காட்டினீங்களே. தலைய ஆட்டிப் படிச்சீங்களே. அதை எப்படிங்க செய்ய முடிஞ்சுது?"

கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து என்ன ஆகப் போகிறது என்று அவருக்கும் தெரியும். போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நடுவுல மட்டும்தான் மங்கலா இருக்கு" என்றார் என்னிடம். "ஓரத்துல நல்லாத் தெரியுது. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நெனச்சேன். ஆகல. சொன்னா கடையை மூடச் சொல்லுவே."

"சொல்லித்தான் இருப்பேன்."

"அதான் சொல்லல."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. டீச்சர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டோமே என்ற சங்கடம் மட்டும்தான் அவர் முகத்தில்.

என் கணவர் திரும்பி வலது அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். பையில் போடவில்லை. மூலை டீச்சர் பக்கம் இருக்கும்படி மேசைமேல் வைத்துத் தள்ளினார்.

"டீச்சர், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க."

டீச்சர் சிரித்தார். "என்ன தம்பி, எனக்கே பரீட்சையா? நீங்க பாக்காததா?"

"என்னால படிக்க முடியல டீச்சர். நீங்க படிங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் பெட்டியைக் கையில் எடுத்து, "ஒன்னு" என்றார். "ஒரு மில்லிகிராம்னு போட்டிருக்கு."

"இன்னொரு தடவை படிங்க."

"ஒரு மில்லிகிராம்."

"அதை எடுத்துட்டுப் போங்க." கண்ணாடியைப் பிடித்திருந்த கை மேசை விளிம்பில் இருந்தது. "வீட்டுல என்கிட்ட வாங்கின மருந்து இருந்தா எடுத்துட்டு வாங்க டீச்சர். இவ படிச்சுப் பாக்கட்டும்."

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கலைந்தது. கையிலிருந்த பெட்டியைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார்.

"எப்ப வாங்கினதை தம்பி?"

என் கணவர் என் பக்கம் திரும்பினார். எதையோ கணக்குப் போடுவது போல உதடு அசைந்தது. பிறகு அந்த முயற்சியை விட்டுவிட்டார்.

"எல்லாத்தையும்" என்றார்.